பதினாறு வோல்ட்

அந்த இயந்திரம் பிடிக்காமல் போவதற்கு, அது என்ன செய்யும் என்றுகூட உம்மல் குல்சுமுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிய சைத்ராவைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

1996, தை மாதம். ஒப்பணக்கார வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜவுளிக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது டாக்டர் வெங்கடபதியின் சர்க்கரை கிளினிக். அங்கே கால் பார்க்கும் அறை ஏழு வருஷமாகக் குல்சுமின் கையில் இருந்தது. சர்க்கரைக்கு வந்தவனுக்குக் காலை எதற்குப் பார்க்கிறீர்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். குல்சும் சலிக்காமல் சொல்வாள். முதுகின் அடியிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஓடும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது. ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே கிடந்தால் நரம்பு கெடும், அதிலும் நீளமான நரம்பின் நுனி முதலில் கெடும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடைக் காடு முதலில் காய்கிறதல்லவா, அதுபோல. வலித்துக்கொண்டு கெட்டால் பரவாயில்லை, பெரும்பாலும் சத்தமில்லாமல் கெடும். ஆணி ஏறினாலும் தெரியாது, செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. புண் வந்து, சீழ் பிடித்து, விரலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொல்லும்போதுதான் தெரியவரும்.

அவளுடைய கருவி ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். உக்கடம் பெரியகுளத்தில் மீன் பிடிக்கிறவர்கள் வாங்கும் இழையிலேயே தடிமனானதில் ஒரு துண்டு, பேனா மூடியில் செருகியது. இழையை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தில் அழுத்தினால் ஓரளவு வரை நேராக நிற்கும், பிறகு வளைந்துவிடும். வளைந்த பின் எவ்வளவு அழுத்தினாலும் வளைவுதான் கூடுமே தவிர, பாதத்தில் விழும் பாரம் கூடாது. ஆகவே யார் அழுத்தினாலும் ஒரே பாரம்தான். பத்துக் கிராம் பாரத்தை உணரும் பாதம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும், உணராத பாதத்தைத்தான் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்துக் கிராமுக்கு இழையைச் சரிபார்த்துக் கொடுத்தது அவள் கணவன் யூனுஸ். பெரிய கடை வீதியில் நகைக்கடைத் தராசுகளைப் பழுது பார்க்கிறவன். ஒரு தட்டில் பத்துக் கிராம் படிக்கல்லை வைத்துவிட்டு, காலித் தட்டை இழையால் அழுத்தச் சொல்வான். படி மேலே எழும்புவதும் இழை வளைவதும் ஒன்றாக நடக்க வேண்டும். படி எழும்பும் முன்பே வளைந்தால் இழை நீளம் என்று அர்த்தம், நகவெட்டியால் துளி நறுக்குவான். மாதத்துக்கு ஒரு முறை இது நடக்கும். அந்த இழைமேல் குல்சுமுக்கு அப்படி ஒரு பெருமை.

சைத்ரா சென்னையில் இரண்டு வாரம் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தாள். இயற்பியல் பட்டம் வாங்கியவள், இருபத்தெட்டு வயசு, பீளமேட்டில் வீடு. இயந்திரம் ஒரு சாப்பாட்டுக் கேரியர் அளவுப் பெட்டி. முன்னால் ஒரு முள், ஒரு திருகு, ஒயர் நுனியில் ரப்பர் மூக்கு. மூக்கைக் கட்டைவிரலில் வைத்துத் திருகினால் மூக்கு நடுங்கும். திருகத் திருக நடுக்கம் கூடும், முள் வோல்ட்டைக் காட்டும். எத்தனை வோல்ட்டில் நடுக்கம் தெரிகிறதோ அதுதான் அந்தக் காலின் கணக்கு. பதினைந்துக்குள் தெரிந்தால் நரம்பு நன்றாக இருக்கிறது. இருபத்தைந்தைத் தாண்டினால் ஆபத்து.

"ஏனுங்க்கா, நீங்களும் ஒருக்கா வச்சுப் பாருங்க, கூச்சமா இருக்கும்" என்றாள் சைத்ரா முதல் நாளே, சிரித்துக்கொண்டு.

"எனக்குச் சக்கரை இல்லீங்க" என்றாள் குல்சும்.

கால் அறை இயந்திரத்துக்குப் போனது. குல்சுமுக்குப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். எடை பார், பிரஷர் பார், சீட்டில் எழுது. இழை அவள் பையிலேயே கிடந்தது. காத்திருக்கிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எத்தனை வோல்ட்டுங்க?"

"பதிமூணுங்க."

"எனக்குப் பன்னண்டு. எங்க ஊருக் கம்பத்துலயே அத்தனை வாரதில்லீங்க!"

ஏழு வருஷத்தில் ஒருவரும் அவள் இழையைப் பற்றி இப்படிப் பேசிச் சிரித்ததில்லை. கயிறு என்பார்கள், அத்தோடு சரி.

முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே அந்தத் தப்பு அவள் காதில் விழுந்துவிட்டது. தடுப்பு மெல்லிய பலகை, உள்ளே பேசுவது அப்படியே கேட்கும்.

"தெரியுதுங்களா?" சைத்ராவின் குரல்.

பதில் இல்லை. இயந்திரம் லேசாக ரீங்கரித்தது.

"இப்பத் தெரியுதுங்களா?"

"ம்... தெரியுதுங்க கண்ணு."

குல்சும் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அடுத்த ஆளுக்கும் அப்படியே. முதல் தடவை கேட்டபோது மௌனம், இரண்டாம் தடவை தெரியுதுங்க. இன்னொருவரும் அப்படித்தான். திருகும்போது சத்தம் கூடுகிறதல்லவா, அதுவும் கூடவே ஆளைத் தூண்டிக் கொடுத்தது.

இந்தத் தப்பை அவளும் செய்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர், அவள் இழையைப் பையிலிருந்து எடுக்கும்போதே "தெரியுதுங்க அம்மணி" என்றார். அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. இந்தச் சீமையில் ஒரு பொம்பளைப்பிள்ளை முகத்தைப் பார்த்து "தெரியுதுங்களா" என்று கேட்டால், இல்லை என்று சொல்ல ஆள் கிடையாது. ஒரு தடவை வேண்டுமானால் பேசாமல் இருப்பார்கள். இரண்டாவது தடவையும் கேட்க வைத்துவிட்டால் அவர்களுக்கே சங்கடமாகிவிடும். மூன்றாவது தடவை கேட்க விடுவது மரியாதைக் குறைவு. பொய் சொல்கிற எண்ணமே அதில் இல்லை. வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாத அதே பழக்கம்தான், பரிசோதனை அறைக்குள்ளும் வந்துவிடுகிறது.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கண்ணை மூடச் சொல்வாள். "ஒண்ணு" என்பாள், "ரெண்டு" என்பாள். இரண்டில் ஏதோ ஒன்றில்தான் தொடுவாள். பிறகு, "எதுலங்க தொட்டேன்? ஒண்ணுலயா, ரெண்டுலயா?" இதற்கு ஆமாம் போட முடியாது. மனசு நோகாமல் சொல்வதற்கு அதில் பதிலே இல்லை. உணர்ச்சி இருக்கிறவர் பத்துக்குப் பத்தும் சரியாகச் சொல்வார். இல்லாதவர் குருட்டாம்போக்கில் பாதி சரியாகச் சொல்வார், பாதி தப்பாகச் சொல்வார்.

எழுந்து உள்ளே போய் இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற காரியம். குல்சும் எழுந்திருக்கவில்லை. மெட்ராஸில் இரண்டு வாரம் படித்ததில் இதையும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதுதானே? தானாகவே ஒரு நாள் மாட்டிக்கொள்ளட்டும்.

அந்த வாரம்தான் நோன்பு தொடங்கியிருந்தது. சாயங்காலம் நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது யூனுஸிடம் இதைச் சொன்னாள். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

யூனுஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிப்போட்டியா?"

"நான் எதுக்குச் சொல்லோணும்? படிச்ச புள்ள."

"பகல் முச்சூடும் பட்டினி கெடந்துபோட்டு, இதை வகுத்துல வச்சுக்கிட்டிருக்கியா?"

"உங்களுக்கென்ன. உங்க தராசை எடுத்துட்டு ஒருத்தன் மெஷினு கொண்டாந்து வச்சாத் தெரியும்."

"எலக்ட்ரானிக் தராசு வந்து மூணு வருசமாச்சு குல்சும். எனக்கும்தான் வகுறு எரியுது. ஆனா அது தப்பா எடை போட்டா, தப்புன்னு சொல்லிப்போட்டு அப்புறம் எரிஞ்சுக்குவேன்."

அவள் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

நாட்கள் போயின. டாக்டர் ஒவ்வொரு சாயங்காலமும் சைத்ரா வோல்ட் எழுதிய அட்டைகளைப் புரட்டிப் பார்த்துப் பூரித்தார். இருபதுக்கு மேல் ஒரு அட்டைகூட இல்லை. தான் கொடுக்கிற மாத்திரையும் சொல்கிற பத்தியமும் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொண்டார். "சைத்ரா கைராசி" என்று ஒரு நாள் சொன்னதும், தடுப்புக்கு இந்தப் பக்கம் குல்சும் எழுதிக்கொண்டிருந்த சீட்டு கிழிந்தது.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. டாக்டர் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். அன்று காலை உடுமலைப்பேட்டையிலிருந்து அரங்கசாமி வந்தார். அறுபத்திரண்டு வயசு, தென்னந்தோப்புக்காரர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுப்பார். பிறகு எதிர் மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கொடுப்பார். அந்த இடைவேளையில்தான் குல்சும் அவர் காலைப் பார்ப்பது வழக்கம். வலது பாதத்தில் மூன்று இடத்தில் இழை தெரியாது. இரண்டு வருஷமாக அவரை வெறும் காலில் தோப்புக்குள் இறங்கவிடாமல், செருப்பைத் தட்டிப் பார்க்காமல் போடவிடாமல், ராத்திரி பாதத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று பழக்கி வைத்திருந்தாள். அந்தப் பாதத்தின் ஒவ்வொரு காய்ப்பும் அவளுக்குத் தெரியும்.

இந்தத் தடவை ரத்தம் கொடுத்த கையோடு சைத்ராவின் அறைக்குள் போனார். வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மணி! பதினாறு வோல்ட்டுங்க! நரம்பு திரும்பிப்போச்சு!"

குல்சும் நிமிர்ந்தாள். "எந்தக் காலுங்க?"

"வலது காலுதானுங்க! நீங்க பாட்டுக்கு ரெண்டு வருசமா ஒரு கயித்தைக் காட்டியே என்னையப் பயமுறுத்திப் போட்டீங்க." பெஞ்சிலிருந்தவர்களைப் பார்த்து அவர் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். "பூசத்துக்கு ரெண்டு வருசமா பழனிக்கு நடக்கலீங்க. நாளைக்கு விடிய ஊர்க்காரங்களோட ஒட்டுக்காக் கெளம்பறேன். வெறுங்காலுல!"

குல்சுமின் முகம் சூடேறியது. கயிறு. அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி எடையை எழுதினாள். "போய்ட்டு வாங்க" என்றாள். அவர் இட்லி சாப்பிடப் படியிறங்கிப் போனார்.

அவள் உட்கார்ந்திருந்தாள். உடுமலையிலிருந்து பழனி பத்துப் பன்னிரண்டு மணி நேர நடை. தார் ரோடு மத்தியானத்தில் கொதிக்கும். நல்ல கால் உள்ளவர்கள் ஓரத்து மண்ணுக்கு ஒதுங்கிவிடுவார்கள். அவர் ஒதுங்க மாட்டார், அவருக்குச் சுடாது. கொப்புளம் வரும், உடையும், அந்தக் காலோடு மலையேறுவார். பத்து நாளில் புண்ணோடு இங்கே வருவார். டாக்டர் அட்டையை எடுத்துப் பார்ப்பார், பதினாறு என்று இருக்கும். இது என்ன மெஷின், இது என்ன வேலை, கூப்பிடு குல்சுமை என்பார். அறை திரும்பி வந்துவிடும்.

இவ்வளவையும் ஒரு சினிமா பார்ப்பதுபோல ரசித்துக்கொண்டு வந்தவள், கடைசியில் அந்த அறையில் தன் எதிரே நீட்டப்பட்ட காலைப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு அடியில் காய்ப்பு இருந்த இடத்தில் பள்ளம். அந்த இடத்தைத் தன் கையாலேயே தொட்டதுபோல இருந்தது.

டாக்டர் இருந்திருந்தால் அவரிடமே போயிருப்பாள். அவர் முன்னால் சைத்ராவைத் தலைகுனிய வைத்துவிட்டு, ஆளையும் காப்பாற்றியிருக்கலாம். திங்கட்கிழமைவரை பொறுத்தால் அதுவும் நடக்கும். ஆனால் அரங்கசாமி நாளைக்கு விடிய நடக்கிறார். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாவது ரத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். வார்த்தை முள்ளாகத்தான் வந்தது.

"மெஷினு நல்லாத்தான் இருக்குது. நீ கேக்கறதுதான் தப்பு."

சைத்ரா ரப்பர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க்கா?"

குல்சும் சொன்னாள். இரண்டு வார்த்தை போதும் என்று நினைத்தது, பத்து நிமிஷம் ஆனது. சைத்ரா குறுக்கே பேசவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, "ஐயோ, நான் அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டே வேற கேட்டேனுங்க்கா" என்றாள்.

அரங்கசாமி ஏப்பம் விட்டபடி படியேறி வந்ததும் மறுபடி உள்ளே உட்கார வைத்தார்கள். முதலில் பழையபடியே கேட்கச் சொன்னாள் குல்சும். ஆனால் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுச் சொன்னாள். அரங்கசாமி அதைக் கவனிக்கவில்லை.

"தெரியுதுங்களா?"

அவர் யோசித்தார்.

"இப்பத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க கண்ணு. நல்லா குறுகுறுங்குது."

சைத்ரா திருகிலிருந்து கையை எடுத்துவிட்டாள். குல்சும் ஒயரைச் செருகினாள். அவரைக் கண்ணை மூடச் சொன்னார்கள். சத்தம் காட்டிக்கொடுக்காமல் இருக்க மின்விசிறியை வேகமாக வைத்தார்கள். ஒண்ணு, ரெண்டு, எதுலங்க நடுங்குச்சு? பதினாறில் பாதி தப்பு. இருபத்தைந்திலும் பாதி தப்பு. முப்பத்தைந்திலும் அவர் தடுமாறினார். நாற்பத்திரண்டு வோல்ட்டில்தான் ஒவ்வொரு முறையும் தயங்காமல் சொன்னார்.

கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தார்.

"அப்பப் பதினாறுங்கறது?"

"தெரியுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள் குல்சும்.

"இந்தப் புள்ள மறுக்கா மறுக்காக் கேட்டுதுங்க அம்மணி. இல்லைன்னு எப்படிங்க சொல்றது? பாவம், மொகம் வாடிப்போகுமில்லீங்க."

சைத்ரா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டுதலுங்க" என்றார் அவர், மெதுவாக.

"நடங்க. செருப்புப் போட்டுட்டு நடங்க" என்றாள் குல்சும்.

"முருகங்கிட்டச் செருப்போடவா? ஊர்க்காரன் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமுங்க. அவங்களுக்கெல்லாம் கால் சுடுது, சிரிச்சுக்கலாம்."

அரங்கசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நடக்கிறவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொண்டுபோகிற டெம்போவில் ஏறிக்கொள்வதாகவும், வழியெல்லாம் மோர் ஊற்றிக் கொடுப்பதாகவும். "அதுவும் சாமிக்குச் செய்யறதுதானுங்க" என்று எழுந்தவர், செருப்பைத் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

அவர் போன பிறகு சைத்ரா அட்டைப் பெட்டியை இழுத்து, தான் கால் பார்த்த மற்றவர்களின் அட்டைகளை எண்ணினாள். ஐம்பத்தெட்டு. எண்ணி முடித்ததும் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பங்க்கா தெரியும்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "முத நாளே."

சைத்ரா அழுவாள், கத்துவாள் என்று குல்சும் எதிர்பார்த்தாள். அவளோ கைப்பையை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் ஐம்பத்தெட்டு கார்டு வாங்கி வந்தாள். பாதியைக் குல்சும் முன்னால் தள்ளினாள். 'மறுபடி கால் பார்க்க வேண்டியிருக்கிறது, அதுவரை வெறும் காலில் நடக்க வேண்டாம்' என்று இரண்டு பேரும் எழுதினார்கள். ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் வந்ததும் சைத்ராவே போய் நின்றாள். கூப்பிடாமலே குல்சும் பின்னால் போனாள், என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று.

"கேக்கற வெதத்துல தப்புப் பண்ணிப்போட்டேனுங்க சார். பதினொரு நாள் எடுத்ததெல்லாம் செல்லாது. குல்சும் அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய பூரிப்பு முழுவதும் ஒரே வாக்கியத்தில் போய்விட்டதல்லவா. "எப்பக் கண்டுபிடிச்சாங்க?"

"வெள்ளிக்கிழமைங்க சார்."

குல்சும் திடுக்கிட்டாள். சைத்ரா தன் தப்பில் ஏதோ சொல்லாமல் விட்டுவிடுவாள் என்றுதான் காத்திருந்தாள், ஆனால் குல்சுமைக் காப்பாற்ற ஒன்றை விடுவாள் என்று நினைக்கவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. படிப்பு இவளுக்கு, மெஷின் இவளுக்கு, அறை இவளுக்கு. இப்போது பெரிய மனசும் இவளுக்கேவா? வயிற்றில் எரிந்தது பசியில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"இல்லீங்க சார்" என்றாள். "எனக்கு முத நாளே தெரியும். வேணுமின்னேதான் சொல்லாம இருந்தேன்."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐம்பத்தெட்டு பேரும் வரட்டும்" என்றார் கடைசியில். "ரெண்டு பேருமே பாருங்க. ஒருத்தர் மெஷினு, ஒருத்தர் இழை. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் அட்டையில எழுதோணும். எல்லாம் முடியட்டும், அப்புறம் உங்ககிட்டப் பேசிக்கறேன் குல்சும்."

வெளியே வந்ததும் சைத்ரா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். குரல் தணிந்திருந்தாலும் கோபமாக இருந்தது.

"நான்தான் வெள்ளிக்கிழமைன்னு சொல்லிப்போட்டேனில்லீங்க்கா? அப்புறம் நீங்க எதுக்குங்க வாயைத் தொறந்தீங்க?"

குல்சும் கையை விடுவித்துக்கொண்டாள். தன் ஸ்டூலைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு கால் அறையைப் பார்த்து நடந்தாள்.

"அப்ப நீ மட்டும் நல்லவளா இருந்துக்குவியா?"